மாலுமிகள் மண்டபத்தை இடித்தவர்கள்

வேறெங்கும் வேலை கிடைக்காததால்தான் மாலுமிகள் மண்டபத்துக்குப் போனேன். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்த ஆசிரியை நான். சிட்னியில் என் சான்றிதழ்களைப் பார்த்த அதிகாரி அவற்றை மேசை மேலாகவே என் பக்கம் தள்ளிவிட்டு, "திரும்பவும் படிக்க வேண்டியிருக்கும்" என்றார். கணவருக்கு அரசாங்கத்தில் பொறியியலாளர் உத்தியோகம். அவரைக் கூப்பிட்ட நாட்டுக்கு நான் அவருடைய பெட்டிகளோடு வந்த இன்னொரு பெட்டி. எழுபதுகளின் தொடக்கம் அது. துறைமுகத்தின் சிறிய குடா ஒன்றை ஒட்டி, வரிசை வீடொன்றின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்திருந்தோம். குடாவின் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் தெரு முடிந்த இடத்தில் கம்பளிக் கிடங்குகளும் ஒரு மர ஆலையும் துருப்பிடித்த தகரக் கொட்டகைகளும் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் கப்பல்கள். நடுவே சிவப்புச் செங்கல்லில் ஒரு தாழ்ந்த கட்டடம். ஒரு திருச்சபை நடத்திய மண்டபம் அது. கப்பலில் இருந்து இறங்குகிற எவரும் உள்ளே வந்து உட்காரலாம். எதையும் வாங்கத் தேவையில்லை. எவரும் பெயர் கேட்க மாட்டார்கள். ஒரு மூலையில், யார் யாரோ கொடுத்த பழைய குளிர் மேலங்கிகள் தொங்கும். வெயில் நாட்டுக்காரர்கள் ஜூலை மாதக் குளிர்காலத்தில் மெல்லிய சட்டையோடு வந்து இறங்குவார்கள். ஒன்றை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றிவிட்டு, திரும்பி வந்து அதே இடத்தில் தொங்கவிட்டுப் போவார்கள். நான் தேநீர் ஊற்றினேன், குசினியைப் பார்த்துக்கொண்டேன். பொறுப்பாக இருந்தவர் ஒரு வயதான பாதிரியார். மென்மையான மனிதர். யாரிடமும் மறுத்துப் பேசத் தெரியாதவர். அது அவருடைய நல்ல குணம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. என்னை மறந்து, "ஐயோ, பால்!" என்று கத்திவிட்டேன். குசினி வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் சிலுவை, கையில் கம்பளித் தொப்பி.

"யாரு, தமிழா?"

"ஓம். இலங்கை. வாங்கோ அண்ணை, கதிரையில இருங்கோ."

அவர் இருக்கவில்லை. மண்டபத்தின் பக்கம் திரும்பி, "எலே, எல்லாவனும் இங்க வாங்கடா. இங்க ரேடியோ சிலோன் பேசுது!" என்று கூப்பிட்டார்.

அவர் தூத்துக்குடிக்காரர். அப்போது கரையில் நின்ற கப்பல் ஒன்றின் செராங். மேல்தளத்தில் வேலை செய்கிற ஆட்களுக்கெல்லாம் தலைவர். அன்றைக்குக் கையில் இருந்த மிளகையும் உள்ளியையும் வைத்து ரசம் வைத்தேன். வந்த ஐந்து பேரும் மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். அதன் பிறகு அந்தக் கப்பல் வரும்போதெல்லாம் அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வருவார். வேறு கப்பல்களில் நாகப்பட்டினத்து ஆட்களும் கோவாக்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் வந்தார்கள். இன்றைக்குச் சிட்னியின் மேற்கே டூங்கபியில் தமிழ்க் கடைக்கு நடந்து போகிறவர்களுக்கு இது விளங்காது. அந்தக் காலத்துச் சிட்னியில் என் வீட்டுக்கு வெளியே எனக்குத் தமிழ் கேட்ட ஒரே இடம் அந்த மண்டபம்.

அடுத்த வருடம் அந்தக் குடாக் கரையை மாற்றிக் கட்டும் பேச்சு வந்தது. கப்பல்கள் பெரிதாகிவிட்டன, சரக்கெல்லாம் இனி இரும்புக் கொள்கலன்களில் வரும், இந்தச் சின்னக் குடா எதற்கும் உதவாது என்றார்கள். ஒரு கட்டட நிறுவனம் நகர மண்டபத்தில் ஒரு மாதிரி உருவம் செய்து வைத்தது. தண்ணீர் ஓரமாக அடுக்குமாடிக் கோபுரங்கள், ஒரு விடுதி, உல்லாசப் படகுகளுக்குத் துறை. எங்கள் தெரு இருந்த இடத்தில் கார் நிறுத்துமிடம். பிளாஸ்டிக் மரங்களுக்குக் கீழே வெள்ளை மனிதப் பொம்மைகள். அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, எரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் தெருவில் ஒரு குழு சேர்ந்தது. அதை நடத்தியவர் மேல்முனை வீட்டில் இருந்த பெண் வழக்கறிஞர். நாங்கள் குடிவந்த வாரமே கேக் ஒன்றோடு வந்து கதவைத் தட்டியவர். 'வணக்கம்' என்று சொல்லப் பழகியவர். அந்தத் தெருவில் எனக்கு முதலில் கிடைத்த சிநேகிதி அவர்தான். அவருக்காகப் பதாகை பிடித்தேன், கூட்டங்களுக்குச் சான்ட்விச் வெட்டினேன், வீடு வீடாகப் போய்க் கதவு தட்டினேன்.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. "உமக்கேன் இந்தச் சோலி? நாங்கள் வந்து ரெண்டு வருசம் கூட ஆகேல்லை. பேப்பரில படம் வந்தால் என்ர ஒஃபிசில என்ன சொல்லுவினம்?"

"வீட்டை இடிச்சுப் போட்டுக் கார் விடப்போறாங்கள். அதுக்கு என்ன சொல்லுவினமாம்?"

"அது எங்கட வீடில்லையே. வேற வீடு பாப்பம்."

இந்த மனிதரோடு பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன். கட்டடத் தொழிலாளர்களின் சங்கம் எங்களோடு சேர்ந்தது. குடியிருப்பவர்கள் சம்மதிக்காத கோபுரத்துக்கு ஒரு செங்கல்கூட வைக்க மாட்டோம் என்று தெருவில் நின்று சொன்னார்கள். அந்த நாளில் நான் அழுதேன். சட்டைக் கையை மடித்துவிட்ட அந்த முரட்டு ஆட்கள் எவரோ ஒரு கிழவியின் வீட்டுக்காகத் தங்கள் வேலையை விட்டுக்கொடுக்கிறார்கள் என்றால், நான் வந்து சேர்ந்தது ஒரு நல்ல நாடு என்று நம்பினேன். கோபுரங்கள் நின்றுபோயின. தெருவில் மேசை போட்டு, பியர் ஊற்றி, பாட்டுப் பாடினோம்.

கொண்டாட்டம் முடிந்தது. இனி அந்த நிலத்தை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. குழு தன்னுடைய சொந்தத் திட்டத்தை வரைந்து பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியது. அழகான படம். தெரு முடிவில் இருந்து தண்ணீர் வரைக்கும் பச்சைப் புல். மரங்கள், ஊஞ்சல்கள், நடைபாதை. கிடங்குகளில் ஒன்றை மட்டும் நாடகக் கொட்டகையாக வைத்திருந்தார்கள். எங்கள் மண்டபத்தைத் தேடினேன். அது இருந்த இடத்தில் மூன்று மரங்கள் நின்றன.

வழக்கறிஞர் பக்கத்தில்தான் நின்றார். "மண்டபம் எங்கே?" என்று கேட்டேன்.

"அந்தக் கட்டடமா? அது பழசாகிவிட்டதே. மாலுமிகளுக்கு வேறு எங்காவது இடம் கொடுப்பார்கள்."

"யார் கொடுப்பார்கள்? எங்கே?"

"அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். கப்பல்களே இங்கே வரப்போவதில்லை அல்லவா?"

"இப்போது வருகின்றன. இன்னும் பல வருடம் வரும்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, என் கையையும் தொட்டார். "இதோ பார், எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் சில தாய்மார்கள் கவலைப்படுகிறார்கள். பின்னேரங்களில் அந்த ஆட்கள் கும்பலாக நடந்து போகிறார்கள். பிள்ளைகள் விளையாடப்போகிற இடம் இது."

அந்த ஆட்கள். மேலங்கியைத் திருப்பிக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகிறவர்கள். தங்கள் பிள்ளைகளின் படத்தைச் சட்டைப் பையில் இருந்து எடுத்து எனக்குக் காட்டுகிறவர்கள். அவர்களுடைய நிறத்தில்தான் நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன், அவருடைய கை என் கையின் மேல் இருந்தது. என் கையை இழுத்துக்கொண்டேன். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை என்பது அவருடைய முகத்தில் நன்றாகத் தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நேரே பாதிரியாரிடம் போனேன். அவர் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "திருச்சபை மேலிடத்தில் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். பூங்கா என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? மக்கள் எல்லோரும் ஒரே குரலாக இருக்கிறார்கள்."

"இங்கே வருகிறவர்கள் மக்கள் இல்லையா?"

"இவர்களுக்கு வாக்கு இல்லையே அம்மா," என்றார் அவர். மென்மையாகத்தான் சொன்னார். அந்த மென்மையின் மேல் ஒரு கோப்பையை எடுத்து எறிய வேண்டும் போல இருந்தது.

திட்டத்தை முடிவு செய்யப் பொதுக்கூட்டம் வைத்தார்கள். அந்த வாரம் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். செராங்கின் கப்பல் அசையாமல் நின்றது. நான் அவரிடம் விஷயத்தைச் சொல்லி, "நீங்கள் வந்து கதைக்க வேணும் அண்ணை. நான் இங்கிலீசில சொல்லுறன்" என்றேன்.

"நான் என்னத்த பேச, தங்கச்சி? அவங்க ஊரு, அவங்க நெலம்."

"தெருவில இருக்கிறவை, கொம்பனிக்காரன் தங்களைக் கேட்காமல் முடிவெடுத்தவன் எண்டுதானே இவ்வளவு நாளும் சண்டை பிடிச்சவை. இப்ப உங்களைக் கேட்காமல் முடிவெடுக்கினம்."

அவர் கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார். "சரி, வாரேன். சட்டை மாத்திட்டு வாரேன்" என்றார்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரி, இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. பின்னால் நின்றோம். எங்கள் முறை வந்தபோது, மேடையில் இருந்தவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இவர் இந்தப் பகுதியில் குடியிருப்பவரா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். "வேலை செய்கிறவர்."

ஒரு சிறு முணுமுணுப்பு. வழக்கறிஞர்தான் எழுந்து, "பேசட்டும், எல்லாக் குரலும் கேட்கப்பட வேண்டும்" என்றார். கைதட்டினார்கள்.

செராங் முன்னால் போய் நின்றார். ஒலிவாங்கியைத் தொடவில்லை. கப்பலில் காற்றுக்கு மேலாகக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது.

"நாங்க வருசத்துல ரெண்டு மூணு வாட்டி இங்க வாரோம். ஒங்க கம்பளிய ஏத்துதோம். ஒங்க வீட்டுக்கு வேண்டிய சாமானக் கொண்டாந்து எறக்குதோம். கப்பல்ல மாசக்கணக்கா கெடந்துட்டு எறங்குனா, ஆடாத தரையில செத்த நேரம் உக்காரணும்னு இருக்கும். அந்த மண்டபத்துலதான் உக்காருதோம். அங்க ஒரு போன் இருக்கு. ஊருக்குப் பேச நேரம் வாங்கித் தருவாங்க. போன வாட்டி வந்தப்ப எங்க பையன் ஒருத்தனுக்கு அப்பா செத்துப்போன சேதி அந்தப் போன்லதான் வந்துச்சு. அவன் அழுவுறதுக்கு ஒரு அறை இருந்துச்சு. பூங்கா நல்லதுதான். மரமும் நல்லதுதான். மரத்தடியில மழைக்கு எவ்வளவு நேரம் நிக்க முடியும்? நீங்களே சொல்லுங்க."

ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னேன். முடித்ததும் யாரோ எழுந்தார், எல்லோரும் எழுந்தார்கள். நின்றுகொண்டே கைதட்டினார்கள். வழக்கறிஞர் கண்ணைத் துடைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். செராங்கும் அப்படித்தான் நினைத்தார். தலையைக் குனிந்து கும்பிட்டார்.

கைதட்டி முடித்து உட்கார்ந்தார்கள். திட்டத்தை வாக்குக்கு விட்டார்கள். ஒரு மாற்றமும் இல்லாமல் அதே திட்டம். கைகள் உயர்ந்தன. கண்ணைத் துடைத்த கையும் உயர்ந்தது. அப்போது முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, மாலுமிகளை மறந்துவிடக் கூடாது, அவர்களுடைய உழைப்பைக் கௌரவிக்கும் விதமாகப் பூங்காவில் ஒரு பழைய நங்கூரத்தை நிறுத்த வேண்டும் என்று முன்மொழிந்தார். அதற்கு இன்னும் பலமான கைதட்டல். ஏகமனதாக நிறைவேறியது.

செராங் என் பக்கம் குனிந்தார். "என்ன தங்கச்சி சொல்லுதாங்க? மண்டபம் இருக்கும்லா?"

"இல்லை அண்ணை. இடிக்கப்போகினம். உங்களுக்கு எண்டு ஒரு நங்கூரம் வைக்கினமாம்."

"நங்கூரமா?"

"ஓம். ஞாபகத்துக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் சரியாக மொழிபெயர்க்கவில்லையோ என்று சந்தேகப்பட்டது போல இருந்தது. பிறகு சிரித்துவிட்டார். "எங்க கப்பல்லயே ரெண்டு கெடக்கே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை உயர்த்தாமலே எழுந்து பேசினேன். கோபத்தில் என் ஆங்கிலம் உடைந்தது. "கோபுரம் கட்ட வந்தவன் உங்களைக் கேட்கவில்லை என்று கத்தினீர்கள். நானும் சேர்ந்து கத்தினேன். நீங்கள் இவரைக் கேட்டீர்கள். கேட்டுவிட்டு, அவர் சொன்னதற்குக் கைதட்டிவிட்டு, அவருடைய கூரையைப் பிடுங்குகிறீர்கள். அந்த நிறுவனக்காரன் உங்களை விட மேல். அவன் கைதட்டவில்லை."

கூட்டத் தலைவர் மேசையைத் தட்டினார். பின்னால் இருந்து ஒரு ஆண் குரல், "நீ வந்து எத்தனை நாள் ஆகிறது, அன்பே?" என்றது. சிலர் சிரித்தார்கள். சிலர், "வெட்கம்" என்று அந்த ஆளைக் கண்டித்தார்கள். அப்படிக் கண்டித்தவர்களும் கை உயர்த்தியவர்கள்தான்.

மண்டபத்தை இடித்தது அதே சங்கத்தின் ஆட்கள். கோபுரத்துக்குச் செங்கல் வைக்க மாட்டோம் என்றவர்களுக்கு இந்தச் செங்கலை உடைப்பதில் தடை இருக்கவில்லை. குடியிருப்பவர்களின் சம்மதம் இருந்ததே. காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டார்கள். மேலங்கிகளைப் பாதிரியார் எங்கோ தானமாகக் கொடுத்துவிட்டார். நான் தெரு முனையில் நின்று பார்த்தேன். ஒருவன் என்னைப் பார்த்துக் கையசைத்தான். பதாகை பிடித்த நாட்களில் என்னோடு நின்றவன். நான் கையசைக்கவில்லை. வழக்கறிஞர் பல தடவை வந்து கதவைத் தட்டினார். திறக்கவில்லை.

கப்பல்கள் உடனே நின்றுவிடவில்லை. மண்டபம் போன பிறகும் வந்துகொண்டுதான் இருந்தன. மாலுமிகள் மதுக்கடை வாசல்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் நின்றார்கள். இப்போது தாய்மார்கள் உண்மையாகவே புகார் சொன்னார்கள்.

நாங்கள் மேற்கே சின்னதாக ஒரு வீடு வாங்கிப் போய்விட்டோம். கடைசியாகச் செராங்கைப் பார்த்தபோது கணவரின் அலுவலக எண்ணை எழுதிக் கொடுத்திருந்தேன். இரவுப் பள்ளியில் படித்து, மறுபடி ஆசிரியையானேன். எழுபதுகள் முடியும் நேரம். ஒரு வெள்ளிக்கிழமை என் கணவர் வேலையால் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்: "உம்மட செராங் என்ர ஒஃபிசுக்கு ஃபோன் எடுத்தவர். கப்பல் தெற்குப் பக்கத்துப் புதுத் துறைமுகத்தில நிக்குதாம். போறதுக்கு ஒரு இடமும் இல்லையாம். நாளைக்குச் சோறு கட்டும், கொண்டு போவம்."

அவர் வாயில் இருந்து அது வந்ததை என்னால் நம்ப முடியவில்லை.

சனிக்கிழமை காலை போனோம். எங்கே பார்த்தாலும் கம்பி வேலி. எண்ணெய்த் தொட்டிகள், அடுக்கிய கொள்கலன்கள், லாரிகள். ஒரு கடை இல்லை, ஒரு மரம் இல்லை. வாயிலில் இருந்த காவலாளி எங்களை உள்ளே விட முடியாது என்றான். கப்பல் ஆட்களும் நடந்து வாயிலுக்கு வரக்கூடாது, முனையத்தின் வண்டி வரும்போது ஏறி வர வேண்டும் என்றான். இரண்டு மணி நேரம் காரில் இருந்தோம். வண்டி வந்தது. செராங் இறங்கினார். நரைத்துப்போயிருந்தார். வண்டி திரும்பும்போது அவரும் திரும்ப வேண்டுமாம். பத்து நிமிடம்.

லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போன பாதை ஓரத்தில் நின்று அவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். என் கணவர் காவலாளியிடம் போய், அவனுடைய அறையில் இருந்த நாற்காலியில் அவரை உட்காரவிடும்படி கேட்டார். விதியில் இடமில்லை என்றான். பேப்பரில் படம் வந்துவிடும் என்று பயந்த அந்த மனிதர், என்னிடம்கூட ஒருநாளும் குரல் உயர்த்தாதவர், அங்கே நின்று கத்தினார். ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்துவிட்டார். "கப்பலில இருந்து வாறது பெட்டி மட்டுமில்லையடா! மனுசர் வருகினம்! மனுசர்!" லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

செராங் எச்சில் கையோடு வந்து அவரைத் தடுத்தார். "விடுங்க சார். இவன் என்ன செய்வான், காவக்காரன்." சாப்பாட்டை மூடி எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். "நல்லா இருக்கு தங்கச்சி, மிச்சத்த உள்ள போய்த் திங்கேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தார். ஒருவரிடம் வான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் முறை போட்டுக்கொண்டு புதுத் துறைமுகத்துக்குப் போனோம். முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஆட்களை வெளியே கூட்டி வர முடிந்தது. துறைமுகப் பாலத்தைக் காட்டவா, கடற்கரைக்குப் போவோமா என்று கேட்டால், "எங்கயாவது உக்காந்தாப் போதும்" என்பார்கள். எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தோம். செராங் அதன் பிறகு இரண்டு தடவை வந்தார். பிறகு அவருடைய கப்பலில் வேறு செராங். ஓய்வு பெற்றாரா, என்ன ஆனார் என்று எவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் போலீஸ்காரர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். இளைஞர். பக்கத்து வீட்டில் இருந்து புகாராம். வாரா வாரம் நிறைய ஆண்கள் வந்து போகிறார்களாம்.

"இவர்கள் யார்?" என்று கேட்டார். உள்ளே பன்னிரண்டு பேர் தரையிலும் கதிரைகளிலுமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கைகளும் பாதியில் நின்றுவிட்டன.

"என் விருந்தாளிகள்."

"எல்லோருமா?"

"எல்லோரும். அடுத்த வாரமும் வருவார்கள். அதற்கு அடுத்த வாரமும் வருவார்கள். பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லுங்கள்."

வாசலுக்கு வந்த எவருக்கும் தேநீர் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுப் படியிறங்கிப் போனார். கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய், இன்னும் யாருக்குச் சோறு வேண்டும் என்று கேட்டேன்.